நானோவா, விஐயா, எட்-ஆ: பூட் ஆகாத மெஷினில் எதைத் திறப்பது?

கேள்வி, 14 ஜூன் 2025

நாலு லினக்ஸ் சர்வர் என் தலையில். ஃபைலைத் திருத்தும் எடிட்டர்களில் நானோ (nano) எனக்குக் கைப்பழக்கம். எந்த விசை என்ன செய்யும் என்று கீழேயே எழுதியும் காட்டுகிறது. அப்படியிருக்க, மெஷின் விழுந்தால் எழுப்ப விஐ (vi) என்ற பழைய எடிட்டர் தெரிந்தே ஆக வேண்டும் என்று இன்னும் ஏன் சொல்கிறார்கள்? ஒரு வரியைத் திருத்த ஆறு மாதப் பயிற்சியா? பழைய ஆட்களின் வீண் பெருமையைத் தவிர இதில் ஏதாவது இருக்கிறதா?

14 ஜூன், இரவு 9.20

பெருமை இருக்கிறது, மறுக்கவில்லை. 20 வருடமாக விஐ பிடித்தவன் நான், எனக்கும் உண்டு. ஆனால் விஷயம் வேறு. பிடித்த எடிட்டர் எது என்பதெல்லாம் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது பேசுகிற பேச்சு. விழுந்த பிறகு அங்கே என்ன கிடக்கிறதோ அதுதான் உங்கள் எடிட்டர்.

பெரும்பாலும் கிடப்பது விஐ. பல சின்னக் கட்டளைகளை ஒரே புரோகிராமில் அடக்கிய பிஸிபாக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1995இல் புரூஸ் பெரன்ஸ் அதை எழுதியதே டெபியன் லினக்ஸின் நிறுவல் வட்டும் மீட்பு வட்டும் ஒரே ஃப்ளாப்பிக்குள் அடங்க வேண்டும் என்பதற்காகத்தான். இன்று ரூட்டரிலும் ஆல்பைன் லினக்ஸிலும் அதுதான் அடித்தளம். அதற்குள் விஐ உண்டு, எட் (ed, வரி வரியாகத் திருத்தும் எடிட்டர்) உண்டு, நானோ கிடையாது. லினக்ஸின் உறவுக்காரனான ஃப்ரீபிஎஸ்டியில் ரெஸ்க்யூ என்றே ஒரு அடைவு (டைரக்டரி) இருக்கிறது. எந்த லைப்ரரியையும் நம்பாத ஸ்டாட்டிக் புரோகிராம்கள் அதில் இருக்கும், விஐயும் அங்கே உண்டு.

14 ஜூன், இரவு 9.45

ஆறு மாதம் வேண்டாம், ஆறு விஷயம் போதும். எஸ்கேப் அடித்தால் கட்டளை நிலை. ஐ அடித்தால் எழுதும் நிலை. எக்ஸ் ஒரு எழுத்தை அழிக்கும், இரண்டு டி ஒரு வரியை அழிக்கும், யு செய்ததைத் திரும்பப் பெறும். சேமித்து வெளியே வர கோலன், டபிள்யூ, க்யூ. சேமிக்காமல் ஓடிவர கோலன், க்யூ, ஆச்சரியக்குறி. எண்ணினால் ஏழு வருகிறது. சரி, ஏழு.

கேப்ஸ் லாக் விழுந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரிய எழுத்து ஜே அடித்தால் அடுத்த வரி இந்த வரியோடு ஒட்டிக்கொள்ளும். கான்ஃபிக் ஃபைலில் அது நடந்தால் நாம் கவனிப்பதற்குள் நாலு வரி ஒன்றாகியிருக்கும்.

15 ஜூன், காலை 6.50

ராத்திரி எழுதியதைப் படித்தேன். விஐதான் பதில் என்று அடித்துச் சொன்ன மாதிரி இருக்கிறது. ஆனால் போன வருடம் என்னைக் காப்பாற்றியது விஐ இல்லை.

கரூரில் ஒரு துணி ஏற்றுமதி அலுவலகம், பெயர் வேண்டாம். பேக்கப்புக்காக மாட்டியிருந்த யுஎஸ்பி டிஸ்க்கை யாரோ கழற்றிக் கொண்டுபோயிருக்கிறார்கள். பூட் ஆகும்போது எந்தெந்த டிஸ்க்கை இணைக்க வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் (fstab) ஃபைலில் அதற்கான வரி அப்படியே இருந்தது. ராத்திரி கரண்ட் போய் வந்தது. மெஷின் அந்த டிஸ்க்குக்காக ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு, எமர்ஜென்ஸி மோடில் போய் உட்கார்ந்துகொண்டது. நெட்வொர்க் இல்லை, தூரத்திலிருந்து உள்ளே நுழைய எஸ்எஸ்எச் இல்லை. அங்கே இருந்தது இரவுப் பணிக்கு வந்த ஒரு தம்பியும் ஒரு பழைய கீபோர்டும். நான் கோவையில், ஃபோனில்.

முதலில் விஐயைத்தான் திறக்கச் சொன்னேன். அந்த வரியில் நோஃபெயில் (nofail) என்ற சொல்லைச் சேர்த்துவிட்டால் டிஸ்க் இல்லாவிட்டாலும் பூட் நிற்காமல் போய்விடும்.

"அடிச்சிட்டேண்ணே. ஆனா முதல் ரெண்டு எழுத்தும் காணோம். கீழே புது வரியிலே 'ஃபெயில்'னு மட்டும் நிக்குது."

எனக்கு ஒரு நொடி புரியவில்லை. பிறகு புரிந்தது. ஐ அடிக்காமல் நேராகச் சொல்லைத் தட்டியிருக்கிறான். என் என்ற எழுத்தை விஐ தேடல் கட்டளையாக எடுத்துக்கொண்டது. ஓ என்பதற்குக் கீழே புது வரி திறந்து எழுதும் நிலைக்குப் போனது. மிச்சம்தான் திரையில். 

அதன் பிறகு அவன் எந்த நிலையில் இருக்கிறான் என்று எனக்கும் தெரியவில்லை, அவனுக்கும் தெரியவில்லை. சேமிக்காமல் வெளியே வரச் சொல்லிவிட்டு எட்டைத் திறக்கச் சொன்னேன். திறந்ததும் ஒரு எண் வந்தது: 612. ஃபைலின் அளவு, பைட்டில். கமாவும் என்-னும் அடித்தால் எல்லா வரியும் எண்ணோடு வரும். ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினான். ஏழாவது வரிதான் வில்லன்.

"ஏழு, எஸ், சாய்வுக்கோடு, தொப்பி, சாய்வுக்கோடு, ஹாஷ், சாய்வுக்கோடு. என்ட்டர்."

"கேள்விக்குறி வருதுண்ணே."

"எந்தப் பக்கம் சாய்ஞ்ச கோடு போட்டே?"

"ரெண்டு பக்கமும் இருக்கே…"

கேள்விக்குறி விசையோடு சேர்ந்து இருக்கிற கோடு என்றதும் சரியாகப் போட்டான். டபிள்யூ அடித்தான். 613 என்று வந்தது. எங்கள் இரண்டு பேரில் ஒருவர்தான் திரையைப் பார்த்தோம், இருந்தாலும் அந்த எண்ணைக் கேட்டதும் எனக்கு நிம்மதி. ஒரே ஒரு ஹாஷ், ஒரே ஒரு பைட் கூடுதல். வேறு எதிலும் கை படவில்லை. பிறகு க்யூ, ரீபூட், அவ்வளவுதான்.

ஃபோனில் சொல்லிக் கொடுக்க எட்டுக்கு நிகரே கிடையாது. கென் தாம்ஸன் 1969 வாக்கில் அதை எழுதும்போது திரையே இல்லை, காகிதத்தில் அடிக்கிற டெலிடைப்தான். பார்க்காமல் வேலை செய்வதற்கென்றே பிறந்தது. திரை வேண்டாம், அம்புக்குறி வேண்டாம், எதுவும் வேண்டாம்.

நோஃபெயில் போடாமல் அந்த வரியை எழுதியது யார் என்று கேட்காதீர்கள்.

15 ஜூன், மதியம் 1.05

கேட்டுவிட்டீர்கள். நான்தான்.

எட் கேள்விக்குறி மட்டும் காட்டுவது அராஜகம் என்கிறார் ஒருவர். சின்ன எச் அடித்தால் காரணம் சொல்லும். பெரிய எச் அடித்தால் அதன் பிறகு ஒவ்வொரு தப்புக்கும் விளக்கம் வரும். கேட்டால்தான் சொல்லும், நம் தாத்தாக்கள் மாதிரி.

15 ஜூன், இரவு 10.30

எட் எடிட்டருக்கு எதுவும் வேண்டாம் என்று காலையில் எழுதினேன். தப்பு. சாயங்காலம் பழைய லேப்டாப்பில் சோதித்துப் பார்த்தேன்.

சில உபுண்டு லினக்ஸ் மெஷின்களில் ரூட் என்ற நிர்வாகிக் கணக்கு பூட்டியிருக்கும், எமர்ஜென்ஸி மோடு ஷெல் (கட்டளை அடிக்கும் இடம்) கொடுக்காது. அப்போது பூட்டைத் தொடங்கி வைக்கும் கிரப் மெனுவில் ஈ அடித்து, கெர்னல் வரியின் கடைசியில் முதலில் ஓட வேண்டிய புரோகிராமைச் சொல்லும் இனிட் (init) என்பதற்கு பாஷ் ஷெல்லைக் கொடுத்து உள்ளே போவோம். அப்படிப் போனால் சிஸ்டம் இருக்கிற ரூட் பார்ட்டிஷன் படிக்க மட்டும்தான் திறந்திருக்கும். எட் ஆரம்பிக்கும்போதே டெம்ப் அடைவில் தனக்கென்று ஒரு தற்காலிக ஃபைலைத் திறக்கப் பார்க்கும். எழுத முடியாதே! திறக்க முடியவில்லை என்று சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. பிஸிபாக்ஸின் விஐக்கு இந்தத் தொல்லை இல்லை, எல்லாவற்றையும் மெமரியிலேயே வைத்துக்கொள்ளும்.

ஆகவே எதைத் திறப்பதற்கும் முன்னால், மவுண்ட் கட்டளையில் ரீமவுண்ட் கொடுத்து ரூட்டை எழுதும்படி மாற்றுங்கள். எப்படியும் சேமிக்க அது வேண்டும். வேலை முடிந்ததும், மெமரியில் இருப்பதை டிஸ்க்கில் எழுத, சிங்க் (sync) என்று ஒருமுறை அடித்துவிட்டு அணையுங்கள். அங்கே ஒழுங்காக ஷட் டவுன் செய்ய ஆள் இல்லை. சிங்க் அடிக்காமல் பவர் பட்டனை அமுக்கி, அதே திருத்தத்தை இரண்டாம் முறை செய்தவன் சொல்கிறேன்.

இன்னொன்று. மீட்புச் சூழலில் டெர்மினல் வகை என்னவென்று சிஸ்டத்துக்குத் தெரியாமல் போகலாம். நானோ திறக்கவே மறுக்கும், விஐ கோணல்மாணலாக வரும். டெர்ம் (TERM) என்ற மாறிக்கு விடி100 (vt100) என்று கொடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். எட்டுக்கு இந்தப் பிரச்சினை கிடையாது. இதில் மட்டும் காலையில் சொன்னது சரி.

16 ஜூன், காலை 7.30

நானோக்காரர்கள் கோபமாக இருக்கிறார்கள். நியாயம்தான். டெபியன் இன்ஸ்டாலருக்குள் ஷெல் திறந்தால் அங்கே இருப்பது நானோ. நேற்று முன்தினம் அதைச் சொல்லாமல் விட்டது என் வசதிக்காகத்தான்.

எனக்கு நானோ மேல் இருந்த பழைய கடுப்புக்குக் காரணம் வேறு. முன்பெல்லாம் நீளமான வரியை அது தானாகவே மடித்து இரண்டாக்கிவிடும். கடிதம் எழுதுவதற்கு நல்லது. அதன் முன்னோடி பைகோ பிறந்ததே வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பைன் மின்னஞ்சல் நிரலுக்காகத்தானே. கான்ஃபிக் ஃபைலுக்கு அது விஷம். கிரப் ஃபைலில் கெர்னல் அளவுருக்கள் இருக்கிற நீள வரி அப்படி உடைந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது எனக்கு. அதனால்தான் பழைய கையேடுகளில் நானோவைத் திறக்கும்போதெல்லாம் ஹைஃபன் டபிள்யூ சேர்க்கச் சொல்வார்கள். 2019இல் வந்த 4.0 பதிப்பிலிருந்து மடிப்பது தானாக நடப்பதில்லை. ஆனால் விழுகிற மெஷின் புதிய மெஷினாகவா இருக்கிறது?

16 ஜூன், காலை 7.55

நானோ பற்றி இன்னொன்று. கிளவுட் சர்வர்களின் கன்சோலை பிரவுசரில் திறப்போம் இல்லையா? நானோவில் தேடுவதற்கு கன்ட்ரோல் டபிள்யூ. பிரவுசரில் டேபை மூடுவதற்கும் அதே கன்ட்ரோல் டபிள்யூ.

ஆம், மூடினேன். இரண்டு முறை. எஃப்6 அடித்தாலும் நானோ தேடும் என்று அதற்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

விஐக்காரர்கள் சிரிக்க வேண்டாம். எஸ்கேப் விசையே இல்லாத கீபோர்டை டேட்டா சென்டர் தள்ளுவண்டியில் பார்த்திருக்கிறேன், அந்த இடத்தில் ஒரு குழிதான் இருந்தது. கன்ட்ரோலோடு இடது சதுர அடைப்புக்குறியைச் சேர்த்து அடித்தால் அதுவும் எஸ்கேப்தான். தெரிந்து வைத்திருங்கள்.

16 ஜூன், இரவு 9.15

விஐ ஏன் இப்படி விசித்திரமாக இருக்கிறது என்று ஒரு கேள்வி. 1976இல் பெர்க்லியில் பில் ஜாய் அதை எழுதியபோது அவர் முன்னால் இருந்தது ஏடிஎம்-3ஏ (ADM-3A) டெர்மினல். அதன் கீபோர்டில் எச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அம்புக்குறிகள் அச்சிட்டிருக்கும். எஸ்கேப் இருந்தது இன்று டேப் இருக்கிற இடத்தில், சுண்டுவிரலுக்குப் பக்கத்தில். இப்போது மூலைக்குப் போய்விட்டது, திட்டு மட்டும் விஐக்கு.

இணைப்பு 300 பாட் மோடம். நொடிக்குச் சுமார் 30 எழுத்து. 80க்கு 24 திரையில் 1920 எழுத்து, முழுத் திரையையும் ஒருமுறை வரைய ஒரு நிமிடத்துக்கு மேல். அந்த வேகத்தில் வேலை செய்கிறவன் ஒவ்வொரு விசையையும் எண்ணித்தான் அடிப்பான். 9600இல் ஓடும் சீரியல் கன்சோலில் நான் விஐ திறந்தால் திரை நிரம்ப இரண்டு நொடி. அந்த இரண்டு நொடியே எரிச்சலாக இருக்கிறது.

விஐயின் விரிந்த வடிவமான விம் (vim) என்று எழுதாமல் விஐ என்றே ஏன் எழுதுகிறீர்கள் என்றும் கேட்டிருக்கிறார்கள். மீட்புச் சூழலில் முழு விம் கிடைப்பது அதிர்ஷ்டம். தவிர, வீட்டில் விம் என்றால் பாத்திரம் தேய்க்கிற சோப்பு. விம்மில் மாட்டிக்கொண்டேன் என்று ஒருமுறை ஃபோனில் சொல்ல, சிங்க் அடைத்துக்கொண்டதா என்று அம்மா கேட்டார். நானும் சிங்க் அடிக்கத்தான் மறந்திருந்தேன்.

17 ஜூன், மதியம் 12.40

ஈமாக்ஸ் எடிட்டரை ஏன் சேர்க்கவில்லை? மீட்பு வட்டில் யாரும் அதை வைப்பதில்லை என்பதால்தான். ஆனால் ஏற்கெனவே திறந்திருந்தால் கதை வேறு. 1986இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஒரு வாக்ஸ் மெஷினில் ரூட்டாக இருந்துகொண்டு எல்லாவற்றையும் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார்கள். பாதியில் நிறுத்தியபோது பின் (bin), ஈடிசி (etc) அடைவுகள் போயிருந்தன. ஒரு டெர்மினலில் ஈமாக்ஸ் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதை வைத்தே ஒரு சின்ன அசெம்பிளி புரோகிராமை எண்களாக உள்ளே தட்டி, டெம்ப் அடைவை ஈடிசி என்று பெயர் மாற்றி, அங்கிருந்து மீண்டு வந்தார்கள்.

அதனால் மெஷின் தள்ளாடும்போது திறந்திருக்கிற எதையும் மூடாதீர்கள். ரூட்டாக உள்ளே இருக்கிற அந்த ஒரு எஸ்எஸ்எச் ஜன்னலை, சோதித்துப் பார்க்கிறேன் என்று மூடிவிட்டுத் திரும்ப நுழைய முடியாமல் நின்றவர்கள் எத்தனை பேர்!

18 ஜூன், காலை 8.10

எடிட்டரே இல்லாவிட்டால்?

ஒரு நிரலுக்கு வேண்டியதை மட்டும் கட்டி வைக்கிற கன்டெய்னர்களில் இது அன்றாடம். அவற்றுக்கு அச்சாக இருக்கிற டெபியனின் அடிப்படை இமேஜில் விஐயும் கிடையாது, நானோவும் கிடையாது. எக்கோ கட்டளையால் ஒரு வரியைக் கடைசியில் சேர்க்கலாம், கேட் கட்டளையால் முழு ஃபைலையும் புதிதாக எழுதலாம், செட் (sed) கட்டளையால் ஒரு சொல்லை மாற்றலாம்.

எக்கோவில் கவனம் தேவை. > என்று இரண்டு முறை போட்டால் கடைசியில் சேரும், ஒருமுறை போட்டால் ஃபைலே காலி, நீங்கள் அடித்த வரி மட்டும் மிஞ்சும். நான் ஒருமுறை ஒற்றையாகப் போட்டு, எஃப்எஸ்டேப் முழுவதையும் ஒரே வரியாக்கியிருக்கிறேன். அந்த மெஷின் அப்போது ஓடிக்கொண்டிருந்ததால் தப்பித்தேன். மவுண்ட் ஆனவற்றின் பட்டியல் புராக் (/proc) அடைவில் இருந்தது, அதைப் பார்த்து மறுபடி எழுதினேன். ரீபூட் செய்திருந்தால் அன்றைக்கும் ஒரு ஃபோன் கதை.

செட்டை ஃபைலின் மேலேயே ஓட விட்டால், அது உண்மையில் புது ஃபைல் எழுதிப் பழையதன் இடத்தில் வைக்கிறது. டாக்கர் கன்டெய்னருக்குள் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் இதைச் செய்யப் போனால் ஃபைல் பயன்பாட்டில் இருக்கிறது என்று மறுத்துவிடும், ஏனென்றால் அது வெளியிலிருந்து மவுண்ட் செய்த ஒற்றை ஃபைல். எட் அதே ஃபைலுக்குள்ளேயே எழுதுவதால் பிழைத்துவிடும். ஆனால் எட்டும் அந்த இமேஜில் இல்லை, நாம்தான் நிறுவ வேண்டும். நாய் கதைதான், கல் எங்கே?

18 ஜூன், இரவு 11.00

திருத்துவதற்கு முன் நகல் எடுங்கள் என்று நாலு பேர் எழுதியிருக்கிறார்கள், சரிதான். எங்கே வைப்பது என்று ஒருவரும் சொல்லவில்லை.

டெபியனில் என்ஜின்எக்ஸ் (nginx) என்ற வெப் சர்வர், சைட்ஸ் எனேபிள்டு அடைவில் இருக்கிற எல்லா ஃபைலையும் படிக்கும். பெயர் எதில் முடிகிறது என்று பார்க்காது. நீங்கள் நல்ல பிள்ளையாக அங்கேயே எடுத்து வைத்த நகலையும் சேர்த்துப் படித்துவிட்டு, ஒரே போர்ட்டுக்கு இரண்டு டிஃபால்ட் சர்வரா என்று கேட்டு, எழ மறுக்கும். ஒரு மணி நேரம் அசல் ஃபைலையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதில் ஒரு தப்பும் இல்லை. நகலை ரூட்டின் ஹோம் அடைவில் வையுங்கள்.

டிஸ்க் நிறைந்ததால் விழுந்த மெஷின் என்றால் நகலெல்லாம் பிறகு. முதலில் இடம் பண்ணுங்கள். 100 சதவீதம் நிறைந்த டிஸ்க்கில் ஒரு ஃபைலைச் சேமித்தால், எடிட்டர் பழையதை வெட்டிவிட்டுப் புதியதை எழுத முயலும். அந்த இடைவெளியில் ஏதாவது லாக் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால், உங்கள் கையில் பூஜ்யம் பைட் ஃபைல்.

20 ஜூன், காலை 7.15

வேறு யாருக்காவது இந்த அனுபவம் உண்டா? என் கான்ஃபிக் ஃபைல்களில் குறிப்புகளைத் தமிழில் எழுதுவது வழக்கம். அலுவலகத்தில் யாருக்கும் புரிய வேண்டும் என்று ஆசை. போன வாரம் மீட்பு கன்சோலில் திறந்தால் எல்லாம் சின்னச் சின்னக் கட்டங்கள். லினக்ஸ் கன்சோலின் எழுத்துருவில் 512 வடிவத்துக்கு மேல் இடம் கிடையாது, தமிழுக்குத் தேவையான சேர்க்கையும் அதற்குத் தெரியாது. "இந்த வரியைத் தொடாதே" என்று நானே எழுதி வைத்த எச்சரிக்கையை என்னாலேயே படிக்க முடியவில்லை. தொட்டேன்.

இப்போது மீட்புக்கு வேண்டிய குறிப்புகளை மட்டும் ஆங்கில எழுத்தில், தங்கிலீஷில் எழுதுகிறேன். பார்க்கவே சகிக்கவில்லை.

22 ஜூன், இரவு 8.40

கேள்வி கேட்டவர் தன் நாலு சர்வரிலும் என்ன இருக்கிறது என்று போய்ப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார். மூன்றில் நானோவும் விஐயும் இருக்கின்றன. நாலாவது யாரோ குறைந்தபட்ச இமேஜ் வைத்துக் கட்டியது, அதில் விஐ மட்டும். எட் ஒன்றிலும் இல்லை. "சரி, அந்த ஏழு விசையைப் படித்துக்கொள்கிறேன், நானோவை விடமாட்டேன்" என்கிறார். விட வேண்டியதில்லை.

அவர் எழுதியதைப் படித்த கையோடு நானும் கரூர் மெஷினுக்குள் போனேன். எட் இருக்கிறது, நானே நிறுவியது. அடுத்த மாதம் அதற்குப் பதிலாகப் போகிற புது மெஷினில் இல்லை. நிறுவினேன். ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிற காகிதத்தைப் படம் எடுத்து அனுப்பு என்று தம்பியிடம் கேட்டேன். நான் எழுதிய வரிகளுக்குக் கீழே, பால்பாயின்ட்டில், அவன் கையெழுத்தில் ஒரு வரி கூடியிருந்தது: "சாய்வுக்கோடு = கேள்விக்குறி விசை."